வளாகத்தின் பசுமையை வாசலில் நின்று அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் நடைபெறும் சுற்றுச்சூழல் பணிகளைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. மரக்கன்று நடும் விழா, நெகிழி ஒழிப்பு உறுதிமொழி, சூரிய மின்தகடுகள் திறப்பு, பசுமை வளாகச் சான்றிதழ் என்று வாரம் ஒன்றாவது கண்ணில் படுகிறது. நல்ல செய்திகள்தாம். ஆனால் அந்த வளாகத்துக்குள் நாள்தோறும் எவ்வளவு தண்ணீர் போகிறது, அங்கிருந்து எவ்வளவு குப்பை வெளியேறுகிறது, கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்ற மூன்று விவரங்களையும் அச்செய்திகளில் காண முடிவதில்லை. இது செய்தியாளர்களின் குறை அல்ல. நிர்வாகங்கள் சொல்வதில்லை, பல இடங்களில் அந்தக் கணக்கே எழுதப்படுவதில்லை. பல்கலைக்கழகம் ஒன்றின் பொறியியல் பிரிவில் குடிநீர், கழிவுநீர், விடுதிப் பராமரிப்பு ஆகியவற்றைக் கவனித்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு வளாகம் சுற்றுச்சூழலுக்கு உகந்ததா என்பதை அதன் மரங்களை எண்ணி முடிவு செய்யாமல், அதன் வாசலில் நின்று உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அளந்து முடிவு செய்ய வேண்டும் என்பதை வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விடுதியில் 5,000 மாணவர்கள் தங்கியிருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் கடைப்பிடிக்கப்படும் அளவு. அதன்படி அந்த விடுதிகளுக்கு மட்டும் நாளொன்றுக்கு 6.75 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். பயன்படுத்தும் நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு, அதாவது 5.4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரிகளில் ஏற்றினால் தினமும் 45 லாரிகள். இது விடுதிகளின் கணக்கு மட்டுமே; அலுவலகங்கள், ஆய்வகங்கள், ஊழியர் குடியிருப்பு, தோட்டம் எல்லாம் இதற்கு மேல். இவ்வளவு நீரையும் பூமியிலிருந்து உறிஞ்சி, இவ்வளவு கழிவையும் ஓடையில் விடும் ஒரு நிறுவனம், தன் முகப்பில் ஆயிரம் மரங்களை வைத்திருந்தாலும் சுற்றியுள்ள ஊர்களுக்குச் சுமையாகவே இருக்கும். வளாகத்தின் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தொடும்போது, மதிலுக்கு வெளியே உள்ள விவசாயியின் கிணறு முதலில் வற்றுகிறது. அந்த விவசாயியின் பிள்ளையும் அதே வளாகத்தில் படிக்கலாம்.

2019ஆம் ஆண்டுக் கோடையை நாம் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை ஏற்பட்டது. அவ்வாண்டு ஜூலை 12 அன்று வந்த முதல் ரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். நான் மேலே சொன்ன விடுதிகளுக்கு அது நான்கு நாள்களுக்குக்கூட வராது. ஒரு பெருநகரமே அண்ணாந்து பார்த்த அந்த ரயிலின் தண்ணீரை நான்கு நாளில் செலவழிக்கும் ஒரு நிறுவனம், தன் நீர்க் கணக்கை மாதந்தோறும் வெளியிடுவதற்கு என்ன தயக்கம்?

கழிவுநீருக்கு வருகிறேன். இதில்தான் ஏட்டில் இருப்பதற்கும் தரையில் இருப்பதற்கும் உள்ள தூரம் மிகுதி. பெரிய வளாகங்கள் பலவற்றில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. திறப்பு விழாக் கல்வெட்டும் இருக்கிறது. ஆனால் அந்த நிலையம் என்பது இயந்திரங்களின் தொகுப்பு அல்ல, உயிருள்ள ஒன்று என்பது பெரும்பாலான நிர்வாகிகளுக்குத் தெரிவதில்லை. காற்றோட்டத் தொட்டியில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வளர்ந்து, கழிவை உண்டு, நீரைத் தெளியவைக்கின்றன. அவற்றுக்கு இரவும் பகலும் காற்று வேண்டும். அந்தக் காற்றை ஊதுவது புளோயர். மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் முதலில் நிறுத்தப்படுவது அந்தப் புளோயர்தான், அதுவும் இரவில். மறுநாள் காலையில் தொட்டி நீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அடுத்தது கழிப்பறைகளில் ஊற்றப்படும் ஆசிட். கறை போக வேண்டும் என்று வாளி வாளியாகக் கொட்டப்படும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் குழாய் வழியே வந்து, வேலை செய்ய வேண்டிய பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகின்றன. துணைவேந்தரோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் குழுவினரோ பார்வையிட வரும் நாளுக்கு முன்தினம் விடுதிக் கழிப்பறைகள் மிகத் தீவிரமாகத் துப்புரவு செய்யப்படுவதால், பார்வையிடும் நாளில் நிலையம் மிக மோசமாக இயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

செமஸ்டர் விடுமுறை இன்னொரு சிக்கல். நகராட்சி நிலையத்துக்கு இல்லாத, கல்வி நிறுவனங்களுக்கே உரிய சிக்கல் இது. மே மாதத்தில் விடுதிகள் காலியானதும் நிலையத்துக்கு வரும் கழிவுநீர் திடீரென்று வடிந்துவிடுகிறது. பாக்டீரியாக்கள் பட்டினியால் சாகின்றன. ஜூன், ஜூலையில் விடுதிகள் திறந்ததும் முழுக் கழிவுநீரும் ஒரே நாளில் வந்து விழுகிறது; அதைச் செரிக்கத் தொட்டியில் உயிர் இல்லை. அதைத் தாங்கும் வகையில், விடுமுறை தொடங்கும்போதே ஒரு தொட்டியை மட்டும் இயக்கி, மற்றதை நிறுத்தி, குடியிருப்புப் பகுதியின் கழிவுநீரை இயங்கும் தொட்டிக்குத் திருப்பிவிட்டு உயிரோடு வைத்திருக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இந்த வேலையை ஓரிரண்டு ஆண்டுகள் செய்தால்தான் கைவரும். ஆனால் ஆண்டுக்கொருமுறை ஒப்பந்தப்புள்ளி கோரி, குறைந்த விலை கேட்பவருக்கு நிலையம் ஒப்படைக்கப்படுகிறது. அவர் அனுப்பும் ஆபரேட்டர் வேலை பழகுவதற்குள் அடுத்த ஒப்பந்தக்காரர் வந்துவிடுகிறார். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய நிலையத்தைக் குறைந்தபட்சக் கூலிகூட ஒழுங்காகக் கிடைக்காத ஒருவரின் தோளில் ஏற்றிவைத்துவிட்டு, நாம் மறுசுழற்சியைப் பற்றிக் கருத்தரங்கம் நடத்துகிறோம் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஒழுங்காக இயங்கும் நிலையம் எவ்வளவு பெரிய கொடை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவருக்குரிய 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பறைக்கே போகிறது. சுத்திகரித்த நீரைத் தனிக்குழாய் வழியே கழிப்பறைத் தொட்டிகளுக்கு அனுப்பினால், 5,000 பேர் தங்கும் விடுதிகளில் நாளொன்றுக்கு 2.25 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் மிச்சமாகும். இதற்கு இரட்டைக் குழாய் அமைப்பு வேண்டும். கட்டடம் எழும்பும்போதே பதித்தால் செலவு அதிகமில்லை, பழைய கட்டடத்தில் சுவரை உடைத்துப் பதிப்பது கடினம். ஆகவே இனிமேல் கட்டப்படும் எந்த விடுதியின் வரைபடத்துக்கும் இரட்டைக் குழாய் இல்லாமல் ஒப்புதல் கொடுக்கக் கூடாது. பழைய விடுதிகளைப் பொறுத்தவரை, சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் கொடுப்பதே போதுமானது. போர்வெல் தண்ணீரைப் புல்தரைக்குப் பாய்ச்சுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடி உள்ள ஒரே ஒரு விடுதியின் மேல் மட்டும் 14 லட்சம் லிட்டர் விழுகிறது. தூத்துக்குடி போன்ற வறண்ட பகுதியில் பாதிதான் கிடைக்கும் என்றாலும், அங்கே அதன் அருமை இருமடங்கு. ஆனால் கூரையிலிருந்து குழாய் இறங்கும் குழிகளைப் பத்து ஆண்டுகளாக யாரும் தூர்வாரியிருப்பதில்லை. மணலும் இலையும் மண்டிக் கிடக்கின்றன. இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பல வளாகங்கள் ஏரிகளுக்கு நீர் கொண்டுசெல்லும் மேட்டு நிலங்களில் அமைந்தவை. சுற்றுச்சுவர் எழுப்பியபோது வரத்துக்கால்வாய்களை அப்படியே குறுக்கே அடைத்துவிட்டார்கள். அதன் பிறகு ஐப்பசி மழையில் வளாகத்துக்குள் முழங்கால் அளவு நீர் தேங்குகிறது, மதிலுக்கு அந்தப் பக்கம் கண்மாய் காய்ந்து கிடக்கிறது. பழைய வருவாய்த்துறை வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு நாள் வளாகத்தைச் சுற்றி நடந்தால், எந்தெந்த இடத்தில் சுவரில் மதகு வைக்க வேண்டும் என்பது எந்தப் பொறியாளருக்கும் தெரிந்துவிடும். ஆயிரம் மரக்கன்றுகளைவிட அந்த ஒரு மதகு அதிகம் செய்யும்.

இனிக் குப்பை. நாள்தோறும் 100 கிலோவுக்கு மேல் குப்பை உருவாக்கும் எந்த நிறுவனமும், திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, பெருமளவில் குப்பை உருவாக்கும் நிறுவனமாகக் கருதப்படும். மக்கும் குப்பையைக் கூடியவரை தன் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். இரண்டு விடுதிகள் உள்ள எந்தக் கல்லூரியும் இந்த வரம்பைக் காலை உணவிலேயே தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி முடிந்த பிறகு மெஸ்ஸின் கை கழுவும் இடத்தருகே இருக்கும் டிரம்மை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வாய்கூடத் தொடாத சோறு, பாதி கடித்த கோழித்துண்டு, எலுமிச்சைத் தோல், தயிர்ப் பச்சடி, அவற்றோடு டிஷ்யூ தாள், ஊறுகாய்ப் பாக்கெட், ஐஸ்கிரீம் கப் எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடக்கும். பல ஊர்களில் இதைப் பன்றி வளர்ப்பவர்கள் வந்து எடுத்துச் செல்கிறார்கள். எடுத்துச் செல்லும்போது ஊறுகாய்ப் பாக்கெட்டும் சேர்ந்தே போகிறது. விலங்கின் வயிற்றுக்குள் போகிறது. வராத நாளில் மாநகராட்சி லாரி. அதுவும் வராத நாளில், வளாகத்தின் பின்புறம் ஒரு பள்ளம்.

அந்த டிரம்மில் இருப்பதில் பாதி, சமைக்கும் முன்பே தடுத்திருக்கக் கூடியது. தேர்வு நேரத்தில், நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாளில், வெள்ளிக்கிழமை இரவில் எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று முன்கூட்டிக் கேட்டு உலை வைத்தால் போதும். சமையல் பொறுப்பாளருக்கு இது கைவந்த கலைதான். ஆனால் மொத்தச் செலவை எல்லோருக்கும் பங்கிட்டு மெஸ் கட்டணம் வசூலிக்கப்படும்போது மீதமாகும் சோற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. நான் பணியாற்றிய இடத்தில் ஒரு விடுதிக் காப்பாளர், அன்றன்று மீதமான உணவை எடைபோட்டு, அதன் எடையையும் அதற்கான அரிசி, பருப்பின் விலையையும் மெஸ் வாசலில் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். கண்டிப்போ அபராதமோ எதுவும் இல்லை. அந்தப் பலகையின் எண் சில வாரங்களில் நன்றாகவே குறைந்தது. மாணவர்களே அடுத்த விடுதியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினார்கள். கண்முன் இருக்கும் எண்ணுக்கு உள்ள வலிமை எந்தச் சுவரொட்டிக்கும் இல்லை.

மீதியை எரிவாயுக் கலனுக்கு அனுப்பலாம். 100 கிலோ உணவுக் கழிவிலிருந்து 8 முதல் 10 கன மீட்டர் வரை எரிவாயு கிடைக்கும். சுமார் 4 கிலோ சமையல் எரிவாயுவுக்கு அது சமம். 200 கிலோ கழிவு வரும் விடுதியில் இரண்டரை நாளைக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மிச்சமாகும். ஆனால் மாநிலம் முழுவதும் கல்லூரிகளில் துருப்பிடித்து நிற்கும் எரிவாயுக் கலன்கள் எத்தனை என்று எண்ணினால் மனம் சோர்ந்துபோகும். காரணம் தொழில்நுட்பம் அல்ல. சோற்றை அளவுக்கு மீறி ஒரே நாளில் கொட்டினால் கலன் புளித்துவிடும், எலுமிச்சையும் ஊறுகாயும் கூடாது, எலும்பு கூடாது, விடுமுறையில் சிறிதளவு சாணக் கரைசலாவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற சில எளிய விதிகளை அறிந்த ஒருவர் அங்கே நிரந்தரமாக இல்லை. மாட்டுத் தொழுவம் வைத்திருக்கும் எந்தக் கிராமத்துப் பெண்மணியும் ஓரிரு நாளில் கற்றுக்கொண்டு செவ்வனே நடத்தக்கூடிய வேலை இது. வளாகத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு நியாயமான ஊதியத்தோடு இதை ஒப்படைக்கலாம்.

மரங்கள் நிறைந்த வளாகத்தில் உதிரும் சருகு குப்பையே அல்ல. உணவுக் கழிவு ஈரமானது, சருகு காய்ந்தது; உணவுக் கழிவு ஒரு பங்குக்குச் சருகு இரண்டு மூன்று பங்கு என்ற அளவில் அடுக்கிப் புரட்டிவிட்டால், நாற்றமில்லாமல் இரண்டு மூன்று மாதங்களில் உரமாகிவிடும். கலக்காமல் மரத்தடியிலேயே விட்டுவிட்டாலும் நல்லதுதான், கோடையில் வேரின் ஈரத்தைக் காக்கும். ஆனால் விடியற்காலையில் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது இன்றும் பல வளாகங்களில் வழக்கமாக இருக்கிறது. திறந்தவெளியில் எரிப்பதை விதிகள் தடை செய்கின்றன. எட்டு மணிக்குத் துறைத்தலைவர்கள் வருவதற்குள் சாலை துப்புரவாகத் தெரிய வேண்டும் என்ற நெருக்கடியே தூய்மைப் பணியாளரை நெருப்பு வைக்கத் தூண்டுகிறது. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. சாலையில் சருகு கிடப்பது அசுத்தம் அல்ல என்று உயரதிகாரிகள் ஒரு சுற்றறிக்கை விட்டால், புகையை உள்ளிழுக்கும் அந்தப் பணியாளரின் நுரையீரலும் பிழைக்கும்.

பிரிக்காமல் லாரியில் ஏற்றும் குப்பை எங்கே போகிறது என்பதை மாணவர்களுக்கு நேரில் காட்ட வேண்டும். சென்னையின் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் வளர்ந்தது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அதே பள்ளிக்கரணை. கோவையின் வெள்ளலூர்க் குப்பைக்கிடங்கைச் சுற்றி வாழ்பவர்கள் ஆண்டுக்கணக்கில் நாற்றத்தோடும் தீயோடும் காலம் தள்ளுகிறார்கள். அங்கே போய்ச் சேரும் ஈரக்குப்பை, காற்றுப் புகாத குவியலுக்குள் அழுகி மீத்தேனாகிறது. நம் வளாகத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்வது என்பது இன்னொருவரின் வீட்டு வாசலில் கொட்டுவதாக இருக்கக் கூடாது.

பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகளிர் விடுதிகளில் பயன்படுத்திய நாப்கின்களை அப்புறப்படுத்தப் போதுமான மூடிய தொட்டிகளும் தினசரி அகற்றும் ஏற்பாடும் பல இடங்களில் இல்லை. வேறு வழியின்றிக் கழிப்பறையில் போடப்படுபவை குழாய்களை அடைக்கின்றன. அடைப்பு என்றதும், கையுறைகூட இல்லாத ஒரு மனிதர் அழைக்கப்படுகிறார். பாதாளச் சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மனிதரின் மாண்பைப் பாடமாக நடத்தும் ஓர் இடத்தில் அக்குற்றம் நடக்கக் கூடாது. மாணவியருக்குத் தேவையான வசதியைச் செய்துகொடுப்பதும் பணியாளரின் உயிரைக் காப்பதும் இங்கே ஒரே வேலைதான்.

மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை. எப்போது, எதை நடுகிறோம் என்பதில்தான் கவலை. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். கன்னியாகுமரியிலும் மேற்கு மாவட்டங்களிலும் அப்போது தென்மேற்குப் பருவமழை உண்டு. ஆனால் சென்னை முதல் ராமநாதபுரம் வரையிலான பகுதிகளுக்கு மழை கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. கத்திரி வெயில் முடிந்த கையோடு, விடுதி திறக்காத வளாகத்தில், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத நேரத்தில் நடப்படும் கன்றுகளில் பெரும்பாலானவை ஆடிக் காற்றுக்குள் கருகிவிடுகின்றன. அடுத்த ஆண்டு அதே குழியில் அடுத்த கன்று. விழாவை ஜூனில் நடத்தி, குழி எடுத்து எரு போட்டு வைத்து, புரட்டாசிக் கடைசியில் நடலாமே! 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில், அழகுக்காக வைத்த, வேர் ஆழம் போகாத மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்ததைக் கண்டோம். நம் மண்ணுக்குரிய வேம்பும் புங்கனும் நாவலும் இலுப்பையும் மருதும் இருக்கும்போது, நர்சரியில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எதையாவது நட வேண்டியதில்லை.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு நம்மிடமே முன்னுதாரணங்கள் இருக்கின்றன. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறியபோது, சேலையூர்க் காட்டுப்பகுதியில் 365 ஏக்கர் நிலத்தில் குடியேறியது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸ் பார்ன்ஸும் அந்த வளாகத்தின் மரங்களில் காட்டிய அக்கறையின் நிழலில்தான் இன்றைய மாணவர்கள் நடக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அங்கிருந்த புதர்க்காட்டை முழுவதும் அழிக்காமல் விட்டுவைத்தது. நம் கடலோரச் சமவெளியின் இயற்கையான காடு இந்த முட்புதர்க்காடும் உலர் பசுமைக்காடும்தான். அதை வெட்டிவிட்டுப் புல்தரை போடுவது பசுமை ஆகாது. சென்னை ஐ.ஐ.டி. 1959இல் கிண்டிக் காட்டுக்குள் அமைந்தது. அங்கே வெளிமானும் புள்ளிமானும் இன்றும் உலவுகின்றன. மாணவர்கள் மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாததால் சைக்கிளிலும் வளாகப் பேருந்திலும்தான் வகுப்புக்குச் செல்கிறார்கள். இந்த ஒரு விதியை எந்தச் செலவும் இல்லாமல் மற்ற பெரிய வளாகங்களும் பின்பற்றலாம். ஆனால் அத்தகைய வளாகங்களிலும் ஒவ்வொரு புதிய கட்டடமும் காட்டின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டே எழுகிறது என்பதை மறக்கக் கூடாது.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூரிய மின்தகடு எல்லோரும் செய்கிறார்கள், செய்யட்டும். அதற்கு முன்பு பழைய மின்விசிறிகளை மாற்றுவது சிக்கனம். 75 வாட் இழுக்கும் விசிறிக்குப் பதில் 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறியை 1,000 அறைகளில் மாட்டினால், நாளைக்கு 15 மணி நேர ஓட்டத்தில் 675 யூனிட் மிச்சம். மின்தகட்டில் இந்த மின்சாரத்தை எடுக்க ஏறக்குறைய 170 கிலோவாட் திறன் வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவான நாக், பசுமைத் தணிக்கையையும் கழிவு மேலாண்மையையும் தன் மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் குழு வருகைக்கு முந்தைய மாதங்களில் அவசரமாகத் தயாரிக்கப்படும் அறிக்கையில் புகைப்படங்கள் நிறையவும் அளவைகள் குறையவும் இருக்கின்றன. மறுபுறம், உச்ச நீதிமன்ற உத்தரவின் அடிப்படையில் பட்டப்படிப்பு மாணவர் அனைவருக்கும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஓசோன் படலத்தைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதும் மாணவருக்குத் தன் விடுதிச் சாக்கடை எந்த ஏரியில் கலக்கிறது என்று தெரிவதில்லை. இந்த இரண்டையும் இணைக்கலாம். தண்ணீர் மீட்டரைப் படிப்பது, குப்பையை எடைபோடுவது, சுத்திகரித்த நீரை வேதியியல் ஆய்வகத்தில் சோதிப்பது, ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளப்பது ஆகியவற்றை அந்தப் பாடத்தின் செய்முறையாக்கினால், நிர்வாகத்துக்கு நம்பகமான கணக்கு கிடைக்கும். மாணவருக்கு வாழ்நாளுக்கும் மறக்காத கல்வி கிடைக்கும். அவ்வாறு எடுத்த எண்களை வளாக நுழைவாயிலில் பொதுமக்கள் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும். குறை தெரியுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. முதல் ஆண்டில் எந்த வளாகத்தின் எண்ணும் பெருமைப்படும்படி இருக்காது. நாலுபேர் பார்க்கும் எண்ணைக் குறைக்க எல்லோரும் முயல்வார்கள் என்பதை ஒரு மெஸ் வாசலிலேயே நான் கண்டுவிட்டேன்.

மாநில அரசின் உயர்கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பல்கலைக்கழகங்களின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களையும் எரிவாயுக் கலன்களையும் இயக்குவதற்கான ஒப்பந்தத்தைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு வழங்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் பயிற்சி பெற்ற ஆபரேட்டர் மாறக் கூடாது. அவருடைய ஊதியம் ஒப்பந்தப்புள்ளியிலேயே தனியாகக் குறிக்கப்பட்டு நேரடியாக அவர் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும். மாதந்தோறும் சுத்திகரிக்கப்பட்ட நீரின் அளவும் தரமும் சான்றளிக்கப்பட்ட பிறகே ஒப்பந்தக்காரருக்குப் பணம் வழங்கப்பட வேண்டும். வரும் கல்வியாண்டுக்கான ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்படுவதற்கு முன்பே இந்த நிபந்தனைகளை அரசாணையாக வெளியிடுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவில் ஓய்வுபெற்ற பொறியாளர்,
கோவில்பட்டி